இது என்ன படம்?

நவீன ஓவியம் என்று பேச்செடுத்த மாத்திரத்தில் நம்மவரிடையே எழும் முதற்கேள்வி “இது என்ன படம்?” என்பதே. இரண்டாவது கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை. அதற்குள் கேட்டவர் அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுகிறார். கண்காட்சிக்கு முதன்முறை வருபவர் இவ்வாறு கேட்பதில் வியப்பில்லை. சிற்றிதழ்களைத் தவறாது வாசிப்பவர்களும், கவிதையில் இருண்மைக்கு இடமுண்டு என்று மேடையேறி வாதாடுபவர்களும் ஓர் அரூப ஓவியத்தின் முன் நிற்கையில் இந்த ஒற்றைக் கேள்வியோடு நின்றுவிடுவதுதான் நம்மை நெடுநாளாக உறுத்திவருகிறது. ஒரு கவிதையைப் படித்துவிட்டு “இது யாரைப் பற்றியது?” என்று மட்டும் கேட்டுப் புத்தகத்தை மூடிவிடும் மாணவனை நாம் ரசனை அற்றவன் என்போம். ஓவியத்தின் முன் நாமே அந்த மாணவனாகிவிடுகிறோம். அதில் நமக்குக் கூச்சமும் இருப்பதில்லை.

அரூப ஓவியம் புரியவில்லை என்னும் முறையீட்டை அந்த ஓவியத்தின் குறையாகக் கொள்ளாமல், நம் கண் எந்தப் பள்ளியில் பயின்றது என்பதற்கான சான்றாகக் கொள்ள வேண்டும் என்பது நம் கருத்து. விருதுநகர்ப் பகுதியில் ஆசிரியத் தொழில் செய்யும் நமக்கு இதைச் சொல்லச் சற்றுக் கூடுதல் உரிமை உண்டென்றும் கருதுகிறோம். தமிழ்நாட்டின் கண்ணுக்கு, ஏன், இந்தியாவின் பெரும்பகுதிக் கண்ணுக்கே பாடநூல் அச்சடித்துக் கொடுத்த சிவகாசி நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். நவீன ஓவியமெல்லாம் அரூப ஓவியம் ஆகாது. முகத்தை எவ்வளவு கோணலாக்கி வரைந்தாலும் அது முகமே. நான்கு கோடுகளுக்குள் ஒரு மாடு தெரிந்துவிட்டால் அது உருவ ஓவியமே. வெளியுலகின் எந்தப் பொருளையும் சுட்டாமல், கோடு, நிறம், பரப்பு, இவற்றுக்கிடையே நிகழும் இழுபறி ஆகியவற்றை மட்டும் கொண்டு நிற்பதே அரூபம். சைவ சித்தாந்தம் பயின்றோர்க்கு அருவம், உருவம், அருவுருவம் என்னும் பாகுபாடு பழக்கமானது. அந்தப் பழக்கத்தாலோ என்னவோ, அரூப ஓவியத்துக்கு வக்காலத்து வாங்குவோர் உடனே லிங்கத்தைக் காட்டுகிறார்கள். சிதம்பர ரகசியத்தைக் காட்டுகிறார்கள். மார்கழி வாசலில் இடும் புள்ளிக் கோலத்தைக் காட்டுகிறார்கள். எல்லாம் நம்மிடம் முன்பே இருந்ததுதான், மேலைநாட்டான் பிந்தி வந்தான் என்று முடிக்கிறார்கள்.

இந்த வாதத்தில் நமக்கு உடன்பாடில்லை. லிங்கத்தின் முன் நிற்கும் பக்தருக்கு அது யார் என்பதில் ஐயமே கிடையாது. “இது என்ன?” என்னும் கேள்விக்கு அங்கே விடை முன்கூட்டியே உண்டு. கோலத்துக்குப் புள்ளிக் கணக்கு உண்டு, தாய் மகளுக்குக் கற்பிக்கும் வரிசை உண்டு. அதை இடுகிறவர் எதையும் துறந்துவிட்டு அங்கு வரவில்லை. அரூப ஓவியத்தின் பிறப்பில் ஒரு துறவு இருக்கிறது. மரத்தையும் குதிரையையும் மனிதனையும் செம்மையாக வரையத் தெரிந்த ஒருவன், அந்தத் திறமையை ஒருநாள் கீழே வைத்துவிட்டு, இனி எஞ்சுவது என்ன என்று பார்த்தான். கைவந்த வித்தையை விட்டுவிடுவது எளிதன்று. இந்த இழப்பைக் கணக்கில் கொள்ளாமல் கோலத்தையும் அதையும் ஒரே தட்டில் வைப்பது கோலத்துக்கும் நியாயம் ஆகாது. நம் சங்க இலக்கியத்தில் ‘புனையா ஓவியம்’ என்றொரு அழகிய தொடர் வருகிறது. வண்ணம் தீட்டாத கோட்டோவியத்தை அது குறிக்கும். அதையும் இந்தப் பழம்பெருமைப் பட்டியலில் சேர்க்கும் நண்பர்கள் உண்டு. வண்ணம் தீட்டாவிட்டாலும் அது ஒன்றன் ஓவியம்தான் என்பதை அவர்களுக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

துறவு எங்ஙனம் தொடங்கிற்று? ருஷ்யரான வாசிலி காண்டின்ஸ்கி (1866–1944) தம் நினைவுக் குறிப்புகளில் இரு நிகழ்ச்சிகளைச் சொல்கிறார். 1896இல் மாஸ்கோவில் நடந்த பிரெஞ்சு ஓவியக் கண்காட்சியில் மோனேயின் வைக்கோற்போர் ஓவியம் ஒன்றைக் காண்கிறார். அது வைக்கோற்போர் என்று கண்காட்சிப் பட்டியல் சொல்லித்தான் அவருக்குத் தெரிகிறது. பொருளை அடையாளம் காண இயலாதது முதலில் அவருக்கு வேதனையாக இருக்கிறது. ஓவியன் இப்படித் தெளிவின்றி வரையலாகாது என்றுகூட எண்ணுகிறார். ஆனால் படம் அவரை விடவில்லை. பின்னொரு மாலைப்பொழுதில், முனிச் நகரத்தில், தம் அறைக்குத் திரும்பியவர் சுவரில் சாய்ந்திருந்த ஓர் ஓவியத்தைக் கண்டு திகைக்கிறார். உள்ளொளி வீசும் நிறங்கள் தெரிகின்றன. இன்ன பொருள் என்று எதுவும் தெரியவில்லை. நெருங்கிப் பார்த்தால் அவர் வரைந்த படமே பக்கவாட்டில் திரும்பி நின்றுகொண்டிருக்கிறது. மறுநாள் பகல் வெளிச்சத்தில் அந்த மயக்கத்தை மீட்க முயல்கிறார்; பொருள்கள் அடையாளம் தெரிந்துவிட்டதால் முடியவில்லை. பொருள்தான் தம் ஓவியத்துக்கு இடையூறு என்று அவர் முடிவுக்கு வந்தது அப்போதுதான்.

நம்மூர்ப் பார்வையாளரின் நிலையும் முதல் நிகழ்ச்சியில் காண்டின்ஸ்கி இருந்த நிலையேதான் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அரூப ஓவியத்தின் முன்னோடியென்று போற்றப்படுபவரே முதலில் கேட்டது “இது என்ன படம்?” என்றுதான். வேறுபாடு ஒன்றே. அவர் நகர்ந்து போய்விடவில்லை.

இந்தத் தோற்றக் கதையில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. பிரம்மஞான சபையின் தலைமையகம் 1882 முதல் அடையாற்றில் இயங்கிவருவது தெரிந்ததே. அச்சபையின் தலைவராக 1907இல் பொறுப்பேற்ற அன்னி பெசன்ட், அதற்கு முன்பே லெட்பீட்டருடன் இணைந்து எண்ண வடிவங்கள் பற்றிய நூல் ஒன்றை எழுதி வெளியிட்டிருந்தார். மனிதரின் எண்ணங்களும் உணர்ச்சிகளும் சூக்கும நிலையில் நிறமும் வடிவமும் கொண்டு மிதக்கின்றன என்பது அந்நூலின் கொள்கை. கோபம், பக்தி, பேராசை ஆகியவற்றுக்கெல்லாம் அதில் வண்ணப் படங்கள் உண்டு. இசை எழுப்பும் வடிவங்களுக்கும் படங்கள் உண்டு. அவற்றுள் பல இன்றைய கண்ணுக்கு அரூப ஓவியங்களாகவே தோன்றும். காண்டின்ஸ்கி இந்நூலை அறிந்திருந்தார். 1911இன் இறுதியில் வெளிவந்த தம் கலைக்கோட்பாட்டு நூலில் பிரம்மஞான இயக்கத்தைப் பற்றி எழுதியுமிருக்கிறார். டச்சு ஓவியர் மோந்திரியான் 1909இல் அச்சபையில் உறுப்பினராகவே சேர்ந்தார். ஸ்வீடனில் ஹில்மா ஆஃப் கிளின்ட் என்னும் பெண்மணி இவர்களெல்லாம் உருவத்தைக் கைவிடுவதற்கு முன்பே, 1906 தொடங்கிப் பெரும் அரூப ஓவியங்களைத் தீட்டிவந்தார். அவரும் இதே ஆன்மிகச் சூழலில் வாழ்ந்தவர். தாம் இறந்து இருபது ஆண்டுகள் கழியும்வரை அவற்றைக் காட்டலாகாது என்று விரும்பினார். 1944இல் அவர் மறைந்தார். 1986இல்தான் உலகம் அவற்றைப் பார்த்தது. 2018இல் நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகம் அவருக்குத் தனிக் கண்காட்சி நடத்திய பிறகு, அரூபத்தின் வரலாற்றை ஆண்களின் பெயர்களை மட்டும் வைத்துச் சொல்வது முடியாத காரியமாகிவிட்டது.

அடையாற்றுப் பங்கைச் சொல்லும்போது நம்மில் சிலருக்கு மார்பு விம்முகிறது. நமக்கு அந்த நூலைப் பற்றி ஒரு மனக்குறை உண்டு. அதன் தொடக்கத்திலேயே ஒரு வண்ண அட்டவணை இருக்கிறது. இந்த நிறத்துக்கு இந்த உணர்ச்சி என்று கட்டம் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். காண்டின்ஸ்கியும் தம் நூலில் மஞ்சளுக்கு எக்காளத்தையும் நீலத்துக்குக் குழலையும் ஒப்புமை சொல்லிக்கொண்டு போகிறார். பொருளைத் துறந்தவர்கள் அகராதியைத் துறக்கவில்லை. “இது என்ன படம்?” என்று கேட்டால், “இது பக்தி, இது பொறாமை” என்று விடை தருகிற கலை, முன்னையதைவிட எவ்வகையில் மேம்பட்டது? அக்கொள்கையை நம்பாமல், அவர்தம் ஓவியத்தை மட்டும் நம்பினால் போதும் என்பதே நம் நிலை. கொள்கை உதிர்ந்துபோன பின்னும் படம் நிற்கிறது என்றால் அதன் ஈர்ப்பு வேறெங்கோ இருக்கிறது என்பதுதானே பொருள்.

1922 டிசம்பரில் கல்கத்தாவில், இந்தியக் கீழைக்கலைச் சங்கத்தின் கண்காட்சியில், காண்டின்ஸ்கி, பால் கிளே முதலிய பௌஹௌஸ் ஓவியர்களின் படைப்புகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஸ்டெல்லா கிராம்ரிஷ் அம்மையாரின் முயற்சி அது. ஏறத்தாழ அதே ஆண்டுகளில்தான் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்க அதே கல்கத்தாவுக்குச் சென்றிருந்தார்கள். அவர்கள் அந்தக் கண்காட்சிப் பக்கம் எட்டிப் பார்த்திருக்க நியாயமில்லை. ஆனால் அவர்கள் கொண்டுவந்த தொழில் நம் கண்களுக்குச் செய்ததைக் காண்டின்ஸ்கியால் இன்றுவரை செய்ய முடியவில்லை.

தீப்பெட்டி வந்தது, தீப்பெட்டிக்குச் சீட்டு வேண்டியிருந்தது, சீட்டுக்கு அச்சகம் வந்தது. பட்டாசுக் கட்டுக்கும் மேலுறை வேண்டியிருந்தது. அச்சகம் வந்த பின் காலண்டர் வந்தது. காலண்டருக்குத் தெய்வங்கள் தேவைப்பட்டன. அவற்றைக் கோவில்பட்டியில் நிலைகொண்ட சி. கொண்டையராஜுவும் (1898–1976) அவருடைய மாணவர்களும் வரைந்து தந்தார்கள். கொண்டையராஜு சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர், ரமணாசிரமத்தில் வாழ்ந்தவர், நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை எழுதியவர். நாடகத் திரையின் ஆழமும் மேலைநாட்டு உருவ ஓவியத்தின் ஒளிநிழலும் நம் தெய்வங்களின் முகத்தில் வந்து கூடியது இவ்வழியேதான். நம் வீட்டு முருகனுக்கு இன்ன கன்னம், இன்ன புன்னகை என்று நமக்குத் தெரிவது அருணகிரிநாதரால் அன்று, இந்த ஓவியர்களால்.

இதை ஏளனமாகச் சொல்லவில்லை. சிற்றிதழ் வட்டத்தில் ‘காலண்டர் ஓவியம்’ என்பது ஒரு வசைச்சொல். நமக்கு அந்த வழக்கத்தில் விருப்பமில்லை. கோயிலுக்குள் நுழைய முடியாதிருந்தவர் வீட்டுச் சுவரிலும் சில அணா விலைக்குத் தெய்வத்தைக் கொண்டுவந்து மாட்டிய கலை அது. ஆயினும் கண்ணுக்கு அது கற்பித்தது என்ன என்று கேட்டாக வேண்டும். மயில் கண்டால் முருகன், வீணை கண்டால் சரசுவதி, புலித்தோல் கண்டால் சிவன். பார்த்தவுடன் அடையாளம் காணல், கண்டவுடன் கும்பிடல், கும்பிட்டவுடன் தேதி பார்த்தல். மூன்று நொடி வேலை. முக்கால் நூற்றாண்டாக நம் ஊர்களில் பெரும்பாலான வீடுகளில் இருந்த ஒரே வண்ணப்படம் இதுதான் என்னும்போது, படம் என்றாலே அடையாளம் காணப்படவேண்டிய ஒன்று என்று நம் கண் முடிவுகட்டியதில் குற்றமென்ன?

விந்தை என்னவென்றால், கொண்டையராஜு பயின்ற அதே சென்னைப் பள்ளிதான் இதற்கு நேர்மாறான ஓர் இயக்கத்துக்கும் தாய்வீடாயிற்று. 1850இல் தொடங்கப்பட்ட அந்தப் பள்ளிக்கு 1957இல் முதல்வரானவர் கே.சி.எஸ். பணிக்கர் (1911–1977). உருவ ஓவியத்தில் தேர்ந்த கை அவருடையது. 1963 முதல் அவர் ‘சொற்களும் குறிகளும்’ என்னும் வரிசையைத் தீட்டத் தொடங்கினார். ஜாதகக் கட்டம் போன்ற கட்டங்கள், கணிதக் குறிகள், மலையாள எழுத்தின் சாயலில் வரிவரியாக ஓடும் கிறுக்கல்கள். எழுத்தென்று நெருங்கினால் எதையும் வாசிக்க முடியாது. நம்மைப் போல் எழுத்தையே பிழைப்பாகக் கொண்டவர்களுக்கு இதைவிடப் பெரிய சீண்டல் வேறில்லை. வாசிக்கத் தெரிந்தவன் என்னும் நம் செருக்கை அந்தப் படங்கள் வாசலிலேயே கழற்றிவைக்கச் சொல்கின்றன. வகுப்பில் ஒருமுறை இவற்றின் அச்சுப்படத்தைக் காட்டியபோது, திருத்தங்கல் பக்கத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன், “ஐயா, எங்க தாத்தா பெட்டியில வச்சிருந்த ஜாதக நோட்டு மாதிரியே இருக்கு. அதையும் யாரும் வாசிச்சதில்ல, பத்திரமா மட்டும் வச்சிருந்தாங்க” என்றான். பணிக்கரைப் பற்றி நாம் படித்த கட்டுரைகள் பலவற்றைக் காட்டிலும் அந்தச் சொல் கூர்மையானது.

1966இல் பணிக்கரின் முன்னெடுப்பில் ஓவியர்களும் சிற்பிகளும் பத்திக் முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்ற பணத்தில், ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் நிலம் வாங்கிச் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை நிறுவினார்கள். அந்தத் தலைமுறையில் பலர் அரூபத்தின் பக்கம் வெவ்வேறு வழிகளில் வந்தார்கள். அச்சுதன் கூடல்லூர் (1945–2022) கல்லூரியில் முறையாக ஓவியம் பயின்றவர் அல்லர். சென்னையில் அரசு அலுவலகப் பணியிலிருந்தபடி மாலை நேரத்தில் ஓவியம் பழகியவர். இறுதிவரை சிவப்பையும் நீலத்தையும் விட்டு வேறு பேச்சுப் பேசாதவர். அவரைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

ஆனால் தமிழ் வாசகர் அனைவரும் அறிந்த ஒருவர் இந்த வழியில் இருக்கிறார். கே.எம். ஆதிமூலம் (1938–2008) துறையூருக்கு அருகிலுள்ள கீராம்பூரில் பிறந்தவர். காந்தியின் நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த காந்தி கோட்டோவியங்களை அறியாதவர் இரார். கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ ஜூனியர் விகடனில் தொடராக வந்தபோது அதற்குப் படம் வரைந்தவர் அவர்தான். நம் கரிசல் மண்ணின் முகங்களை, தலைப்பாகையை, வெடித்த பாதத்தை அந்தக் கோடுகளில் தமிழ்நாடு கண்டது. அதே ஆதிமூலம் தம் பிற்கால எண்ணெய் வண்ண ஓவியங்களில் அந்தக் கோட்டை அடியோடு விட்டுவிட்டார். அகன்ற வண்ணப் பரப்புகள். ஒன்றன் விளிம்பு மற்றொன்றின் மேல் ஏறியும் கரைந்தும் கிடக்கும். மழைக்குப் பிந்திய நிலமென்று சிலர்க்குத் தோன்றலாம். ஓவியத்துக்கு அந்தத் தோற்றம் அவசியமில்லை. தமிழ்நாட்டிலேயே மிகவும் நேசிக்கப்பட்ட ஒரு கோட்டை வைத்திருந்தவர் அதைத் துறந்தார் என்பதில் உள்ள துணிவை நாம் போதுமான அளவு பேசவில்லை. அவர் மறைந்தபோது எழுதப்பட்ட அஞ்சலிகளில் நம் கண்ணில் பட்டவை பெரும்பாலும் காந்தியையும் அரசர்களையும் எழுத்துருக்களையும்தான் நினைவுகூர்ந்தன.

அப்படியானால் இந்த ஓவியங்களின் ஈர்ப்புத்தான் எது? பொதுவாக இசையை உவமை சொல்வார்கள். காண்டின்ஸ்கியே இசையைத்தான் காட்டினார். நமக்கு வியன்னா வரை செல்ல வேண்டியதில்லை. விளாத்திகுளம் சுவாமிகள் என்று கரிசல் வட்டாரம் கொண்டாடிய நல்லப்பசாமி, சாகித்தியத்தின் துணையின்றி ஒரே ராகத்தை மணிக்கணக்கில் ஆலாபனை செய்வார் என்பது கி.ரா. போன்றோர் சொல்லி நாம் அறிந்தது. கோவில்பட்டியில் வாழ்ந்த காருகுறிச்சி அருணாசலத்தின் (1921–1964) நாயனத்தைக் கேட்க நம் ஊர்ச் சம்சாரிகள் வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். விடிய விடியக் கேட்டவர்களில் எத்தனை பேருக்கு ராகத்தின் பெயர் தெரியும்? “இது என்ன பாட்டு?” என்று கேட்டுவிட்டு அவர்கள் எழுந்து போகவில்லை. தொல்காப்பியர் சொல்லும் எண்வகை மெய்ப்பாடுகளுள் மருட்கை ஒன்று. புதுமை கண்டு எழும் அந்த வியப்புக்குப் பொருள் விளங்குதல் முன்நிபந்தனை ஆகாது.

நம் பகுதிக்கே உரிய மற்றோர் உவமையும் கைவசம் இருக்கிறது, வாணவேடிக்கை. பேன்சி ரக வெடி வானில் விரிகையில் அது எதன் படம் என்று எவரும் கேட்பதில்லை. செம்மை ஸ்ட்ரான்சியத்தால், பசுமை பேரியத்தால், நீலம் செம்பால் பிறக்கிறது. (பேரியத்துக்கு 2018 முதல் உச்ச நீதிமன்றத் தடை உள்ளது.) அந்த நிறப்பொறி ஒவ்வொன்றும் சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்து அறையொன்றில் ‘மணி மருந்து’ என்று பெயர் கொண்டு, யாரோ ஒருவர் உயிரைப் பணயம் வைத்து அடைத்த உருண்டை. மணி மருந்து உராய்ந்து வெடித்தது என்னும் செய்தியை வாசித்து வாசித்து நமக்கு மரத்துப்போய்விட்டது. அந்தக் கணக்கை மறந்துவிட்டு அழகை மட்டும் பேச நமக்கு மனம் வருவதில்லை. உவமைக்கு வருவோம். பொருள் சுட்டாத வெறும் நிறமும் வடிவமும் மனிதரைக் கட்டிப்போட வல்லவை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இருந்தும் இந்த உவமை பாதி வழிதான் வரும். வாணவேடிக்கை சில நொடிகளில் அவிந்துவிடுகிறது. “இது என்ன?” என்று கேட்க அது அவகாசமே தருவதில்லை. ஓவியம் அவியாது, சுவரில் அப்படியே இருக்கும். நாம் அதன் முன் நின்றாக வேண்டும், நிற்கையில் செய்வதற்கு ஏதேனும் வேண்டும், அடையாளம் காண்பதன்றி வேறு வேலை நம் கண் அறியாது. ஆகவே கேள்வி எழுகிறது. நாயனத்தின் முன் ஆறு மணி நேரம் இருக்கத் தெரிந்த அதே மனிதர்தான் ஓவியத்தின் முன் அரை நிமிடம் நிற்க முடியாமல் தவிக்கிறார். அவருடைய காதுக்கு ஊர்த் திருவிழா ஆண்டுதோறும் இலவசமாகப் பயிற்சி கொடுத்தது. கண்ணுக்கு அப்படி எவரும் எதுவும் கொடுக்கவில்லை. நின்று பழகியவர்க்கு என்ன நேர்கிறது என்பதை நாம் ஓரளவு சொல்ல முடியும். முதலில் நிறங்கள் தட்டையாக இருக்கும். சற்று நேரத்தில் ஒன்று முன்னே வரும், ஒன்று பின்வாங்கும். ஓரத்தில் கிடந்த சிறு கீற்று மொத்தப் பரப்பையும் தாங்கிப் பிடித்துக்கொண்டிருப்பது தெரியும். அதைக் கையால் மறைத்துப் பார்த்தால் படம் சரிந்துவிடும். அடுத்த முறை வந்தால் வேறொன்று நிகழும். ஆதிமூலத்தின் வண்ண ஓவியத்தை நேரில் கண்டபோது நாம் பெற்றது இதுதான். இதற்குமேல் தத்துவம் சேர்க்க நமக்கு விருப்பமில்லை.

மறுப்புரைகள் உண்டு. குழந்தைகூட இப்படி வரையும் என்பது ஒன்று. 2011இல் பாஸ்டன் கல்லூரியின் ஏஞ்சலினா ஹாலி-டோலன், எல்லன் வின்னர் ஆகியோர் அரூப ஓவியர்களின் படங்களையும் குழந்தைகள், விலங்குகள் தீட்டிய படங்களையும் இரண்டிரண்டாக வைத்து மக்களிடம் காட்டினார்கள். ஓவியம் பயிலாதவர்களும்கூட ஓவியர் படத்தைக் குருட்டுப்போக்கில் கிடைப்பதைவிடக் கூடுதலான முறை தேர்ந்தெடுத்தார்கள். எப்போதும் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். மற்றொரு மறுப்பு வலுவானது. இன்று அரூப ஓவியம் நட்சத்திர விடுதி வரவேற்பறையின் சோபாவுக்குப் பொருத்தமான நிறத்தில் தைத்துக் கொடுக்கப்படும் திரைச்சீலை ஆகிவிட்டது என்கிறார்கள். உண்மைதான். யாரையும் சீண்டாத, யாரையும் நிறுத்தாத அத்தகைய படங்கள் ஏராளம். மோசமான புதுக்கவிதை மலிந்ததற்காக நாம் கவிதையைக் கைவிட்டுவிடவில்லை என்பதே நம் விடை.

நம் குற்றச்சாட்டு கடைசியில் வேறு பக்கம் திரும்புகிறது. ‘கசடதபற’ 1970இல் தொடங்கிய காலந்தொட்டு ஆதிமூலம், ஆர்.பி. பாஸ்கரன் போன்றோர் சிற்றிதழ்களுக்கு அட்டையும் உட்படமும் வரைந்து கொடுத்தார்கள். அந்த உறவைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் அந்தப் படங்களை நாம் என்ன செய்தோம்? கவிதை முடிந்து மிஞ்சிய இடத்தை அடைக்கப் பயன்படுத்தினோம். பல இடங்களில் ஓவியர் பெயரைக்கூடப் போடவில்லை. கவிதைக்கு வரிக்கு வரி விளக்கம் எழுதியவர்கள் படத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதவில்லை. மோந்திரியானைப் பற்றித் தனி நூலே எழுதிய கும்பகோணத்துத் தேனுகா போன்ற ஒரு சிலர் விதிவிலக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, நிறத்தையே உயிராகக் கொண்ட ஓவியங்களைத் தமிழ் வாசகன் கறுப்பு வெள்ளையில்தான் பார்த்தான். சிற்றிதழிடம் பணமில்லை என்பது சரிதான். ஆனால் அதே ஆண்டுகளில் நாட்டுக்கே வண்ணம் அச்சடித்த ஊர் தமிழ்நாட்டில்தான் இருந்தது. சிவகாசிக்கும் சோழமண்டலத்துக்கும் இடையில் ஒரு பேருந்துப் பயணம்தான் தொலைவு. ஓவியர்கள் காலண்டரை இழிவென்று எண்ணினார்கள். காலண்டர்காரர்களுக்கு ஓவியர்களைத் தெரியாது. இருவரையும் அறிந்திருந்த நாம், இலக்கியக்காரர்கள், ஒருவரை மற்றவரிடம் அழைத்துச் செல்லவில்லை. அதன்பின் ‘மக்களுக்கு ரசனை இல்லை’ என்று தலையங்கம் எழுதினோம்.

அச்சகம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். “அண்ணாச்சி, பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு அரூப ஓவியம் போட்டு ஒரு காலண்டர் அடித்தால் என்ன?” என்று கேட்டோம். அவர் சிரிக்கவில்லை. தொழில்காரரின் முகத்தோடு, “அடிக்கலாம் சார். மிசின்ல ஓட்டுற பையனுக்கு எது மேல் பக்கம்னு எப்படித் தெரியும்?” என்று கேட்டார். ஓவியரின் கையொப்பத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்றோம். பிறகு காண்டின்ஸ்கியின் படம் பக்கவாட்டில் நின்ற கதையைச் சொன்னோம். சற்று யோசித்தவர், மேசைக்கடியில் கிடந்த ஒரு வேஸ்ட் தாளை எடுத்து விரித்தார். வண்ணம் சரிபார்க்க ஒரே தாளை மறுபடி மறுபடி ஓட்டுவார்கள் அல்லவா. அதில் ஒரு லட்சுமியின் மேல் மாத்திரைப் பெட்டியும், அதன் மேல் பள்ளிக்கூட அட்டையும், அதன் மேல் எவருடைய திருமண அழைப்போ ஏறிப்போய், எதுவும் எதுவாகவும் தெரியாமல் சிவப்பும் மஞ்சளும் கருநீலமும் அடர்ந்து கிடந்தது. “இது நல்லா இருக்குன்னு எனக்கு ரொம்ப நாளாத் தோணும். யார்கிட்டயும் சொன்னதில்ல” என்றார்.

ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கு நாளில் சிவகாசியில் அடுத்த ஆண்டுக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் வெளியாகிறது. தமிழ்நாடெங்குமிருந்து நகைக்கடைக்காரரும் ஜவுளிக்கடைக்காரரும் அதைப் புரட்டிப் பார்த்துத்தான் முருகனையும் இயற்கைக் காட்சியையும் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த ஆல்பத்தில் ஒரு தாள், ஒரே ஒரு தாள், ஆதிமூலத்தின் வண்ண ஓவியமாகவோ அச்சுதன் கூடல்லூரின் சிவப்பாகவோ இருக்க என்ன செலவாகும் என்று கணக்குப் பார்க்கத் தொடங்கியிருக்கிறோம். உரிமையாளர்களிடம் முறைப்படி அனுமதி பெற வேண்டும். ஆர்ட் தாளின் விலை, நான்கு வண்ணத்துக்கான பிளேட் செலவு, குறைந்தபட்சம் எத்தனை படி ஓட்டினால் கட்டும் என்பதையெல்லாம் அண்ணாச்சி ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆர்வமுள்ள நண்பர்கள் எழுதுங்கள்.